தழும்பைச் சொல்லக் கூடாது

எங்கள் மீமிசல் பக்கத்தில் ஒரு பெண் மவுத்தானால், அடக்குவதற்கு முன் மையத்தைக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகப் போகிறேன். அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மையத்தின் உடம்பில் கண்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. எனக்கு இயல்பிலேயே வாய் நீளம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டு. அந்தப் பூட்டு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தது. சாப்பிட்டால் போதும், வலது விலாவுக்குக் கீழே யாரோ பிடித்து முறுக்குகிற வலி. புதுக்கோட்டையில் டாக்டரம்மா, “வயித்தக் கிழிக்க வேணாம்மா. நாலு சின்னத் தொளை போட்டு எடுத்துடலாம். மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்” என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கூட வந்திருந்த என் தங்கை மகளுக்குக் கோபம். “என்ன பெரியம்மா, பயமா?” என்றாள்.

பயம்தான். ஆனால் கத்திக்கு இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே கல்லுக்கு இதே வார்த்தைகளை வேறொரு டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் என் தங்கை. அவள் வீட்டுக்காரர் சவுதியில். சேலை எடுக்கக்கூட என்னைக் கேட்கிறவள், என் பக்கம் திரும்பி, “என்ன லாத்தா செய்யலாம்?” என்றாள்.

“மீன் வயித்தையே தொறந்து பாத்துத்தான் கழுவுறோம். தொளை வழியா என்னத்தத் தெரியும்? ஒரு கல்லு உள்ள தங்கிருச்சுன்னா? நல்லாத் தொறந்தே எடுக்கச் சொல்லு” என்றேன்.

கேமராவில் எல்லாம் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். தங்கை என் பேச்சைத்தான் கேட்டாள்.

கிழித்த இடம் சீழ் வைத்தது. மறுபடி பிரித்துத் தைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. இருமினால் தையல் விடும் என்று தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் மகள்தான் தலையணையை எடுத்துக் கொடுப்பாள். நடக்கும்போது தங்கை என் வலது தோளைப் பிடித்துக்கொள்வாள். வெட்டிய இடம் பலமில்லாமலே போய், இரண்டு வருடம் கழித்து அதன் வழியாகக் குடல் பிதுங்கிச் சிக்கிக்கொண்டது. டவுனுக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. கிழித்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அவளுக்கு ஆனது.

அவளையும் நான்தான் குளிப்பாட்டினேன். வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் தழும்பு. தண்ணீர் ஊற்றுகையில் என் கை அதன்மேல் போனது. என் சொல்தான் அங்கே கிடந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், மையத்தை மூடிய துணிக்கு அடியில் என் கை முதலில் வலது விலாவைத்தான் தேடுகிறது.

கடைசியில் வலி தாங்காமல் தங்கை மகள் இழுத்த இழுப்புக்குப் போனேன். காலையில் ஆபரேஷன். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கெல்லாம் நர்ஸ் என்னை எழுப்பி நடக்க விட்டாள். வயிற்றில் பெரிய வலி இல்லை. வலது தோள்தான் விண்விண்ணென்று வலித்தது. தங்கை பிடித்து நடந்த அதே இடம்.

“யாரோ புடிச்சிருக்காப்புல இருக்கு” என்றேன்.

“கேமரா போடுறதுக்காக வயித்துக்குள்ள காத்து அடைப்போம்மா. அதுதான் தோள்ல வலிக்கும். ரெண்டு நாள்ல போயிரும்” என்று நர்ஸ் சிரித்தாள்.

இருக்கும். ஆனாலும் மெதுவாகவே நடந்தேன். பிடித்திருப்பவள் தடுமாறக் கூடாது.

மறுநாள் வீட்டில் இருந்தேன். ஒரு வாரத்தில் நானே உட்கார்ந்து மீன் ஆய்ந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த ‘இவ்வளவுதானா’தான் என்னை அரித்தது. இன்னும் கொஞ்சம் வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் தங்கை மகள் பிளாஸ்திரி மாற்றினாள். “கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு பெரியம்மா” என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். “உம்மாவுக்கும் இப்புடியே பண்ணியிருக்கலாமுல்ல? நீங்கதானே குளிப்பாட்டுனீங்க. அந்தத் தழும்பு கடைசியா எப்புடி இருந்துச்சு?”

எட்டு வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

“மையத்துல பாத்ததச் சொல்லக் கூடாதும்மா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டாள். நான் அதோடு விட்டிருக்கலாம். வழக்கம்போல பூட்டு கைகொடுத்துவிட்டது. ஆனால் தோள் மறுபடி வலித்தது.

“தழும்பத்தான் சொல்லக் கூடாது. அதப் போடச் சொன்னது யாருன்னு சொல்லலாம். டாக்டரு தொளைன்னுதான் சொன்னாரு. கிழிக்கச் சொன்னது நான்தான்.”

பிளாஸ்திரியோடு அவள் கை என் வயிற்றுக்கு மேலே நின்றது. பிறகு அதைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். எழுந்து கதவு வரை போனாள். திரும்பி வந்து தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இருமல் வந்தா இதப் புடிச்சுக்கங்க.”

எனக்கு இருமல் இல்லை. வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.