கம்பளிக்குள் கேமிங் மவுஸ்

இன்று காலை ஓட்டல் வரவேற்பு மேசையில், சொந்தக் காசில் வாங்கிய ஒயர்லெஸ் கேமிங் மவுஸை வைத்தேன்.

மேனேஜர் முறைத்தார். "ஏலே, இது கேம் ஆடுற மவுசு. ஓட்டல்ல இதுக்கு என்ன சோலி?"

"ரூம் புக்கிங்குக்கும் ஆகும் சார்."

கொடைக்கானல் குளிரில் மேசை மேல் வைத்த கை விறைத்துவிடும். இந்த மவுஸோ உள்ளங்கைக்கு வாகாக வளைந்திருக்கிறது, வயரும் இல்லை. மடியில் கம்பளியைப் போர்த்தி, அதற்குள்ளேயே மவுஸை ஓட்டினேன். மதியத்துக்குள் புக்கிங் எல்லாம் முடிந்து, ஒரு கார் ரேஸும் முடிந்தது.

"நாளைக்கு இத இங்க பாக்கக் கூடாது," என்றார்.

"வேலைல தப்பு இருந்தாச் சொல்லுங்க சார், எடுத்துர்றேன்."

திரையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

சாப்பிட்டுத் திரும்பினால், என் நாற்காலியில் மேனேஜர். மடியில் என் கம்பளி. கையைக் காணோம். திரையில் கார் பறக்கிறது.

மவுஸ் நாளைக்கும் வரும். அவருக்கு வேண்டிய கம்பளியை அவரே வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.