மெயினை அணைக்காத மத்தியானம்

அத்தாவுக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் முதலில் சொன்னவன் அவர் மகனான நான்தான். பாலக்கரையில் இருக்கும் எங்கள் மர மில்லை அவரும் நானுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அளந்த தடியையே திரும்பவும் அளந்தார். வேம்பு கேட்டவருக்கு வாகைப் பலகையை ஏற்றி அனுப்பினார். அறுக்கும் மிஷின் முன்னால் அவர் போய் நின்றாலே என் வேலையை விட்டுவிட்டுக் கவனிப்பேன். ரம்பத்தின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

"என்ன தம்பி, திருடனப் பாக்குற மாதிரி பாக்குற?" என்பார்.

எங்களுடையது பழைய மிஷின். ஓடும்போது கரண்ட் போனால் மெயின் சுவிட்சை நாமே அணைக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் வந்ததும் ரம்பம் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். என்றைக்காவது ஒரு நாள் அத்தா அதை மறக்கத்தான் போகிறார் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆடிக் காற்று மரத்தூளை வாரி இறைத்த ஒரு மத்தியானம். ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் வாசல் நிலைக்காகக் கொடுத்திருந்த வேப்பந்தடியை நான் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. அந்த நேரம் பார்த்து அவரே போன் செய்தார். பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

"கரண்ட் வந்துட்டா முடிச்சிடலாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, எதிர்க்கடையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்புவதற்குள் ரம்பத்தின் இரைச்சலும் அத்தாவின் அலறலும் சேர்ந்து கேட்டன. சிக்கியிருந்த சிராயை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆட்டோவில் அவர் கையைத் துண்டால் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"நீ அணைச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது அத்தா முந்திக்கொண்டார். "மெயின அணைக்க மறந்துட்டேன்."

"நீ அப்பவே சொன்னியே தம்பி" என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவரை யாரும் மில் பக்கம் விடவில்லை. அவரும் கேட்கவில்லை. மறதிக்கு மாத்திரை வாங்க நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். தினமும் காலைப் பசியாறியதும் அதை எடுத்து நீட்டுகிறேன். என் முகத்தைப் பார்க்காமல், இடது கையால் வாங்கி விழுங்குகிறார்.