நிபுணர் கேட்ட முதல் கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா போன் செய்தார்.

"கண்ணு, ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போ. நித்யா விஷயமாப் பேசோணும். இந்தக் காது, காலு சமாச்சாரத்துலயெல்லாம் நீதான பெரிய ஆளு."

காது, காலு சமாச்சாரம்! என் ஆராய்ச்சி வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பெண், இனம், சாதி, ஊனம் - இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஆள் தலையில் விடிந்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் கல்லூரியில் நடத்துகிற பாடம். இதற்காக வெளிநாடு போய் டாக்டர் பட்டமெல்லாம் வாங்கினேன். ஆனால் திருப்பூர் ராயபுரத்தில் என் சொந்தக்காரர்கள், நான் ஏதோ ஊனமுற்றோர் நல ஆபீஸில் பெரிய போஸ்ட்டில் இருப்பதாக முடிவு கட்டிவிட்டார்கள். போலியோ வந்த என் இடது கால் வேறு அதற்குச் சாட்சி. கல்யாண மண்டபத்தில் மடக்குவார்கள். "ஏனுங்க, நம்ம பங்காளி பையனுக்கு அந்த மூணு சக்கர ஸ்கூட்டி ஒண்ணு ஏற்பாடு பண்ண முடியுங்களா?" ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன்.

ஆட்டோ பிடித்துச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

சித்தப்பா சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறார். நித்யா ஒரே மகள். பிறவியிலேயே காது கேட்காது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் டிசைனிங் செக்‌ஷனில் வேலை. கெட்டிக்காரி... பிடிவாதக்காரி. வீட்டில் சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான்! அதற்கு மேல் யார் எப்படிக் கையாட்டினாலும் பேச்சு முடிந்தது. இப்படி ஒரு வசதி நமக்கு இல்லையே என்று மீட்டிங்குகளில் நான் ஏங்கியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். உடுமலைப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறார். தென்னந்தோப்புக்காரர். மனைவி இறந்துவிட்டார். நித்யாவைவிட ரொம்பவே மூத்தவர். அடுத்த வாரம் உறுதி வார்த்தை, அதாவது நிச்சயம். நித்யாவோ, கம்பெனியில் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அப்பா இரண்டு கேள்வி கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டாள்.

"காது கேக்காத புள்ளைக்கு இதைவிட என்ன எடம் வரும்? நீ பேசுனா கேப்பா. மனசை மாத்தி உடு கண்ணு" என்றார் சித்தப்பா.

அறைக்குள் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். எப்படிப் பேசுவது? சைகை மொழி உரிமை பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவள் நான். சைகையில் எனக்குத் தெரிந்தது 'நன்றி'யும் 'டீ'யும் மட்டும். ஆகவே எதிரெதிரே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசினோம்.

பையன் யாரென்று நான் கேட்பதற்குள் அவளே எழுதினாள்.

"சஞ்சய். ஒடிசா. பிரின்டிங் செக்‌ஷன்."

என் விரல் என்னைக் கேட்காமலே முதல் கேள்வியை டைப் செய்து அனுப்பிவிட்டது.

"என்ன ஆளுங்க?"

திருப்பூரில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் ஒன்றுதான். சாதி ஒழிப்பு பற்றி எத்தனை மேடையில் பேசியிருப்பேன்? டெலீட் செய்வதற்குள் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

நித்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தால்... வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்!

"அப்பாகூட ரெண்டாவதாத்தான்க்கா இதைக் கேட்டாரு."

சித்தப்பா முதலில் கேட்டது என்ன சம்பளம் என்பதாம்.

"சரி, அவனை எப்படிப் பிடிச்சுது?" என்றேன், மானம் போனது போகட்டும் என்று.

"கேன்டீன்ல எல்லாரும் தமிழ்ல பேசிச் சிரிப்பாங்க. புரியாம நிக்கறது நாங்க ரெண்டு பேருதான். ஒரு நாள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுட்டோம். அப்புறம் எங்கிட்ட சைகை கத்துக்கிட்டான். தமிழ் அவனுக்கு இன்னும் வரலை."

நான் போனைக் கீழே வைத்தேன்.

வெளியே வந்ததும் சித்தப்பா, "சம்மதிக்க வெச்சுட்டியா?" என்றார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தனிமனித உரிமை, பெண்ணின் தேர்வு, புலம்பெயர்ந்தவர்கள் மீதான பார்வை என்று ஆரம்பித்தேன். கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கிய வாக்கியங்கள் அத்தனையும். சித்தப்பா டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

சித்திதான் குறுக்கே வந்தார். "இத்தனை பேசற... உனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நீ என்ன பண்ணுன கண்ணு? படிப்புதான் முக்கியம்னு போயிட்டல்ல?"

இல்லை. போகவில்லை.

சொன்னால் நம்புவீர்களா? என் ஆராய்ச்சி வாழ்க்கை சமூக நீதிக்காக ஆரம்பிக்கவில்லை. ஒரு பெண் பார்க்கும் படலத்துக்குப் பயந்து ஆரம்பித்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். "காலுக்கு இதுவே அதிகம்" என்று பக்கத்து அறையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு வெளிநாட்டில் விண்ணப்பத் தேதி முடியாமல் இருந்தது இந்தத் துறை ஒன்றுக்குத்தான். கப்பல் கட்டும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தால் இப்போது கப்பல் கட்டிக்கொண்டிருப்பேன்.

"நான் படிக்கப் போகலைங்க சித்தி. தப்பிச்சு ஓடுனேன்" என்றேன். "ஒத்தக் கால்ல ஓடறதுக்கு எனக்கு ஒரு படிப்பாவது கெடச்சுது. இவ எங்கீங்க ஓடுவா?"

சித்தப்பா ரிமோட் தேடுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு உனக்குப் பாத்த மாப்பிள்ளைய நாந்தான கண்ணு கொண்டாந்தேன்" என்றார் மெதுவாக. பிறகு, "அந்தப் பையனை வரச் சொல்லு. பாக்கறேன். பாக்கறேன்னுதான் சொன்னேன்."

புதன்கிழமை சஞ்சய் வந்தான். ஒல்லியான பையன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். வீடியோ காலில் ஒடிசாவிலிருக்கும் அவனுடைய அம்மா. அந்தம்மா ஒடியாவில் பேசினார். சஞ்சய் அதைச் சைகையில் நித்யாவுக்குச் சொல்ல, மகளோடு சேர்ந்தே சைகை படித்த சித்தி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

நலம் விசாரிப்பு எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று அந்தம்மா குரல் உயர்ந்தது. சஞ்சயின் கை பாதியில் நின்றுவிட்டது. நித்யா அவன் கையைத் தட்டினாள் - முழுசாகச் சொல்லு என்று. அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். சித்தி முகம் சிவந்துபோனது.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"காது கேக்காத பொண்ணை எம் பையன் தலையில கட்டப் பாக்கறாங்களான்னு கேக்கறாங்க. அதுவும் என்ன சாதின்னே தெரியாதாம்."

சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"எம் புள்ளைக்கு என்ன கொறைச்சல்? கம்பெனியில இவ போடற டிசைனு வெளிநாட்டுக்குப் போவுது! வேண்டாம்னு சொல்றதுக்கு அவங்க யாரு? இந்தக் காலத்துல போயி சாதி கேக்கறாங்க! நேர்ல போயே பேசறேன்... டிக்கெட்டைப் போடு!"

உடுமலைப்பேட்டைக்கு அன்றைக்கே போன் போய்விட்டது: மன்னிச்சுக்குங்க, புள்ளைக்கு எடம் அமைஞ்சிருச்சுங்க. அமைந்ததா இல்லையா என்பது ஒடிசா போனால்தான் தெரியும். நித்யா மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமத்துவத்துக்குக் கொங்கு நாட்டில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது - ரோஷம். இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என்னையும் ஒடிசாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார் சித்தப்பா. ஆஹா, கடைசியில் என் படிப்பின் அருமை தெரிந்துவிட்டதே என்று உருகிப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது... ரயிலில் என் ஊனமுற்றோர் கோட்டாவில் துணைக்கு வருகிறவருக்கும் பெர்த் உண்டாம்!