ஹலூமா தேய்த்த குழி ஆடி

ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரில், எங்கள் தெருவில் நிலைக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் ஹலூமா. கண்ணாடிக்கு வெள்ளி பூசுவதும் அவளேதான். நாற்பத்தாறு வயதில், நிலாவைக் கிட்டத்தில் பார்க்கத் தொலைநோக்கி செய்யப்போவதாகச் சொன்னாள். தெருவே சிரித்தது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அவள் கணவன் முன்ஸிஃப் மட்டும் சிரிக்கவில்லை. பழைய கப்பலொன்றின் ஜன்னல்களிலிருந்து இரண்டு தடித்த வட்டக் கண்ணாடிகளைக் கழற்றி வந்து கொடுத்தான்.

ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நடுவே கரகரப்பான தூளும் தண்ணீரும் விட்டு, மாலைதோறும் தேய்த்தாள். மேல் கண்ணாடி மெல்லக் குழிந்தது. கீழ்க்கண்ணாடி அதே அளவுக்குப் புடைத்தது. போகப்போக இன்னும் நைசான தூளாக மாற்றிக்கொண்டே வந்தாள். ஐந்தாம் மாதம், மெருகேற்றும்போது எங்கிருந்தோ வந்த ஒரு பருமணல் குறுக்கே நீளமாகக் கீறிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

“விட்டுடேன் ஹலூமா,” என்றான் முன்ஸிஃப்.

“குழி சரியாத்தான்யா இருக்கு. மேல்தோல்தான் கிழிஞ்சிருக்கு.”

மறுநாள் மறுபடி தேய்க்க உட்கார்ந்தாள். இன்னும் ஏழு வாரம் போயிற்று.

குழிந்த பக்கத்தில் வெள்ளி பூசிக் கடைச் சுவரில் சாய்த்து வைத்ததும், பக்கத்து வீட்டு சாலிஹா எட்டிப் பார்த்தாள்.

“ஐயையோ! என் மூக்கு இவ்வளவு பெருசா?”

“இன்னிக்குத்தான் தெரியுமா உனக்கு?” என்றான் முன்ஸிஃப். சிரித்தபடி பின்னால் நகர்ந்தான். நாலடியில் முகம் கலைந்தது. பத்தடி போனதும் சின்னதாக, தலைகீழாக நின்றது. “ஏய், ஆறேழு மாசம் தேச்சு என்னையே கவுத்துட்டியே!”

“கிட்ட நின்னா நேரா, பெருசா காட்டும். தள்ளிப் போனா வெளிச்சமெல்லாம் கண்ணாடிக்கு முன்னாடியே கூடி, குறுக்கே கடந்து போகுது. அதான் கவுந்து தெரியுது. நிலா வெளிச்சம் நாலடியில கூடும். அங்க விழுற குட்டி நிலாவைத்தான் லென்ஸ் வெச்சுப் பெருசாக்கணும்.”

நீளமான பிளாஸ்டிக் குழாயின் அடியில் அதைப் பொருத்தினாள். மேல்முனையில் சாய்வாக ஒரு சிறு தட்டைக் கண்ணாடி, பக்கவாட்டில் பழைய பைனாகுலரின் லென்ஸ். அரைநிலா தெரிந்த ஒரு சாயங்காலம், வெயில் முழுக்கத் தணியுமுன்பே தெரு மொத்தமும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது.

முதலில் குனிந்தவள் சாலிஹா.

“என்னடி தெரியுது?” என்றாள் ஹலூமா.

“அக்கா... பள்ளம் பள்ளமா இருக்கு. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் நிழல் விழுந்திருக்கு.”

எல்லோரும் பார்த்து முடித்தபின்தான் ஹலூமா குனிந்தாள். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

இப்போது அவள் இன்னும் அகலமான கண்ணாடி ஒன்றைத் தேய்க்கிறாள். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி கேட்டிருக்கிறார். இந்த முறை தூள் மாற்றும்போதெல்லாம் பருமணல் ஒன்றுகூடத் தங்காமல் மேசையைக் கழுவுவது முன்ஸிஃபின் வேலை.