ஜெபிச்சிட்டுச் சொல்றேன், டாக்டர்

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் என் இடது மார்பில் இருந்த கட்டியைப் பார்த்தார். பயாப்ஸி எடுத்துவிடலாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

"ஜெபிச்சிட்டுச் சொல்றேன், டாக்டர்" என்றேன்.

எங்கள் தாம்பரம் சபையில் இதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளி எடுக்கிறீர்களா, பண்டிகைக்குப் பிரியாணி பொறுப்பை ஏற்கிறீர்களா... யார் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். கேட்டவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். பாவம், டாக்டருக்குத் தெரியவில்லை. சரிம்மா, சீக்கிரம் ஜெபிங்க என்று அனுப்பிவைத்தார்.

ஜெபிக்காமலும் இல்லை. தினமும் காலையில் பைபிள் வசன அட்டைகள் போட்டு வைத்திருக்கும் பெட்டியிலிருந்து ஒரு அட்டை எடுப்பேன். ஒருநாள் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் எழுந்து புறப்படச் சொல்லும் வசனம். அது பழைய ஏற்பாட்டு ஆட்களுக்குச் சொன்னது என்று திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்! இப்படியே மூன்று வாரம். கத்தாரில் வேலை பார்க்கும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ராத்திரி கை தானாகக் கட்டியைத் தேடிப் போகும். கடவுள் நிஜமாகவே கேட்கிறாரா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

சனிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம். ஆளுக்கொரு சீட்டில் விண்ணப்பம் எழுதிக் கூடையில் போடுவோம். பெயர் போட வேண்டாம். குலுக்கி, கைக்கு வந்த சீட்டுக்காக ஒவ்வொருவரும் சத்தமாக ஜெபிக்க வேண்டும். நான் எழுதியது இதுதான்: "பரிசோதனைக்குப் போகத் தயங்கும் ஒரு சகோதரிக்காக."

கூடை சுற்றி வந்தது. எடுத்துப் பிரித்தால்... என் சீட்டு!

பதினாலு சீட்டில் ஒன்று. நான் கணக்கு டீச்சர், இதை அதிசயம் என்று சொல்ல மாட்டேன். மாற்றிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்டால் யாருடைய சீட்டு என்று தெரிந்துவிடுமே? எழுந்து கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வந்தது நான் யோசித்துச் சொன்னதல்ல.

"இவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும், ஆண்டவரே. உம்ம பேரைச் சொல்லித் தள்ளிப் போடறாங்க. டெஸ்டுக்குக்கூட இவ்வளவு பயம் இல்ல. தனியா உக்காந்து ரிசல்ட் கேக்கத்தான் பயம்."

அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து கூட்டத்துக்கு வரும் ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார். உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தவர்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போலாம், டீச்சர்?"

எங்கே என்று கேட்டேன்.

"ஜெபச் சீட்டுல மார்ஜின் விட்டு எழுதற சகோதரி நம்ம சபைல வேற யாரு இருக்கா?"

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை போனோம். ரிப்போர்ட் வாங்கவும் சேர்ந்தே போனோம். கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், குணப்படுத்திவிடலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். அன்று சாயங்காலமே கணவருக்குப் போன் போட்டேன். திட்டினார், அழுதார், டிக்கெட் போட்டுவிட்டார்.

கடவுள் வழிகாட்டுவது என்றால் வானத்தில் அம்புக்குறி தெரியும் என்று காத்திருந்தேன். அவரோ ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் ஆள் அனுப்பினார்.

பயம் போய்விட்டதா? இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அதுவும் வந்து உட்காருகிறது. ஆனால் அதற்கும் எனக்கும் நடுவில் இப்போது ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

ஆபரேஷனுக்கு எந்தத் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டார். அடுத்த புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜெபமா? அதை ஆட்டோவில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம்.