முறிகோட்டு ஏரி

காலையில் சப்பாத்தைக் கழற்றி, அறைச் செருப்புக்கு மாறி, மேசைவிளக்கைப் போட்டால் என் முன்னால் வடக்குச் சுவீடன் கிடக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சதுப்பு நிலத்தின் வான்படங்களைப் பார்த்துத் தேசப்படம் கீறுவதுதான் இங்கே என் வேலை. அங்குள்ள குட்டை குழியெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் கையில் இருப்பது டுல்டுங் காகிதம். இன்னும் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. அதை வைத்துக்கொண்டு ஜேர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சனிலிருந்து மாநில எல்லையைக்கூடத் தாண்ட முடியாது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்திலும் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவன்தான் நான். ஆடி மாதம் எங்கள் குளங்களுக்குள் பெடியள் கிரிக்கெட் அடிப்பார்கள். படத்தில் அது குளம்தான். விட்டுவிட்டு ஒரு முறிகோடு கீறி, 'பருவ நீர்' என்று எழுதுவோம். மாரியில் தண்ணீர் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கதோஷம் இங்கேயும் விடவில்லை. பழைய வான்படத்தில் இருந்த ஏரியொன்று புதியதில் இல்லை. முறிகோடு போட்டேன். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று சொல்லும் ஓரத்து விளக்கக் குறிப்பிலும் அதைச் சேர்த்தேன்.

மேலாளர் க்ரூகர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அடியில் காலங்காலமாக உறைந்திருந்த மண் உருகிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது. இனி வராது."

"மழை பெய்யாதா?"

"பெய்யும். தங்காது."

நம்ப எனக்கு மனம் வரவில்லை. "கோடையில் நேரில் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்றார். பயண அனுமதி கேட்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பெண் என் காகிதத்தைப் புரட்டினார்.

"சுவீடனுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்."

"அங்கே ஒருவருமே இல்லை, அம்மணி. நுளம்புதான்."

"அப்படியானால் போகவேண்டிய தேவையும் இல்லையே."

அன்று பின்னேரம் வவுனியாவில் இருக்கும் மனைவியிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினேன். "உந்தக் குளத்தைப் பாக்காட்டி என்னப்பா? இஞ்சை எப்ப வாறியள், அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

"சண்டை ஓயட்டும், வாறன்" என்றேன். வழக்கமான பதில்தான்.

க்ரூகர் முகமெல்லாம் நுளம்புக்கடியோடு திரும்பி வந்தார். ஏரி இருந்த இடத்தில் புல் முளைத்துவிட்டதாம். "அழித்துவிடுங்கள்" என்றார். பிளேடால் மையைச் சுரண்டினேன். விளக்கக் குறிப்பை அவர் கவனிக்கவில்லை. அந்தப் படத்தில் இப்போது பருவ நீர் ஒரு சொட்டும் இல்லை, முறிகோடு மட்டும் ஓரத்தில் நிற்கிறது. நானும் சொல்லவில்லை. அப்படியே அச்சுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.