தராசு பிடித்த மூச்சு

என் தங்கை புருஷனுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்தது அவனைப் பெற்றவளேதான். தம்பி தட்டை எட்டிப் பார்க்காமல் அவன் தன் தட்டில் கை வைத்ததில்லை. வளர்ந்து இவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனான், தம்பி பஸ் டிரைவரானான். "அவன் உட்கார்ந்தே சம்பாதிக்கிறான், நான் ஏணியில தொங்குறேன்" என்பது அன்று தொடங்கிய பாட்டு. தம்பி வீட்டு முன்னறைக்கு இரண்டு ஜன்னல் என்று கேள்விப்பட்டு, இவன் சுவரை உடைத்து மூன்றாவதாக ஒன்று வைத்தான். திறந்தால் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் தெரியும்.

தாயிடமிருந்து பிறவியிலேயே ஒட்டிய மஞ்சள்காமாலைக் கிருமி இருவர் ஈரலிலும் உண்டு. போன வருஷம் தம்பிக்கு ஈரலில் புற்றுக்கட்டி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த டாக்டர், ஓரம் வழவழப்பாக இருக்கிறது, ரத்தக் குழாய்க்குள் புகுந்த மாதிரித் தெரியவில்லை என்று கொஞ்சமாக வெட்டி எடுத்தார். சொந்தமெல்லாம் தம்பியைப் பார்க்கத் திரண்டது.

"ஒரு கட்டியை வச்சுக்கிட்டு எல்லாரையும் வாசல்ல நிக்க வச்சுட்டான் மச்சான்" என்றான் தராசு.

என்ன வாயோ, இந்த வருஷம் அவனுக்கும் வந்தது. ஏறக்குறைய அதே அளவு.

"தம்பிக்கு வெட்டின அளவுதான் எனக்கும். ஒரு இம்மி கூடக் கூடாது" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டான்.

"அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. கட்டி குழாய்க்குள்ள வேர் விட்டிருக்கான்னு ஸ்கேன்ல பார்க்கணும். விட்டிருந்தா சுத்தி நிறைய எடுக்கணும். குறைச்சு வெட்டினா திரும்ப வந்துடும்" என்றார் அவர்.

ஸ்கேன் அன்று தம்பியும் துணைக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? "மூச்சைப் பிடிக்கச் சொல்லுவாங்கண்ணே. நான் ஒரே தடவையில முடிச்சேன். மெஷின் பார்க்குற பொண்ணே அசந்துபோச்சு" என்றான்.

அது போதாதா? உள்ளே அந்தப் பெண், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னாள். இவன் வயிறு முட்ட உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தான். "இப்ப விடுங்க" என்ற பிறகும் விடவில்லை, தம்பியைத் தோற்கடிக்க வேண்டாமா! அடுத்த படத்துக்கு இழுத்து இழுத்து வாங்கினான். நரம்பில் சாய ஊசி ஏற்றி எடுத்த படமெல்லாம் கலங்கிவிட்டது. எந்த ஓரத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த ஓரமே தெரியவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "உங்க தம்பி மூச்சா இப்ப பெருசு? எனக்கு உங்க மூச்சு வேணும்யா!"

தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணே, நான் விட்டது பீலா. பயத்துல இருமி இருமி, எனக்கு மூணு தடவை எடுத்தாங்க."

"மூணா?"

"மூணு."

தராசின் முகத்தில் அப்படி ஒரு களையை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அடுத்த முறை சொன்னபடி மூச்சை விட்டான், நிறுத்தினான். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

விழுந்ததில் நல்ல சேதி இல்லை. ஓரமெல்லாம் பிசிறு. குழாய்க்குள் புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம், வெட்டிப் பரிசோதித்தால்தான் உறுதி, ஆனால் வெட்டுவதை இப்போதே பெரிதாக வெட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

"ஒரே வயித்துல பொறந்தோம் மச்சான். அவனுக்கு மட்டும் சாதுவான கட்டி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குச் செய்தது போல எனக்கும் செய், இல்லையென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். தங்கை அழுதாள், நான் திட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

தம்பிதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான். "வேணாம்ண்ணே, விட்டுடு. எனக்கு வெட்டின துண்டுக்கே நான் கதறினேன். அவ்வளவு பெருசை நீ தாங்க மாட்ட."

தராசு திரும்பினான். "யாருடா தாங்க மாட்டான்?"

மறுநாளே சம்மதம் சொன்னான். தம்பி வேண்டுமென்றேதான் சீண்டினான் என்கிறாள் தங்கை. இருக்கலாம்.

வெட்டியெடுத்ததைச் சோதித்தார்கள். சின்னக் குழாய்களுக்குள் புகுந்துதான் இருந்தது. அகலமாக எடுத்ததால் வெட்டின ஓரம் சுத்தம். தேறி வந்தவனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான்.

"என்னை ரெண்டு மடங்கு கவனிக்கிறாங்க மச்சான்" என்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறான். தம்பியோ, தனக்கு மட்டும் ஏன் பாதி என்று டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.